வியட்நாமும் நமது வாய்ப்பந்தலும்

ஒரு தேசத்தைப் பற்றி ஒன்றும் அறியாதிருத்தல் குற்றமன்று. அறியாததை அறிந்ததாக எண்ணிக்கொண்டு மேடையேறுவதும், மேடையை விட்டிறங்கிய கையோடு அத்தேசத்து மக்களை இழிவாகப் பேசுவதுமே குற்றம். இவ்விரண்டையும் ஒரே மாலைப்பொழுதில் காணும் வாய்ப்பு சென்ற மாதம் எனக்குப் பிரிக்பீல்ட்ஸில் கிடைத்தது.

தமிழர் பெருமையைக் குறித்து அன்று ஒரு கூட்டம். மண்டபத்தின் பெயரும் பிரசங்கியாரின் பெயரும் ஈண்டு வேண்டுவதில்லை. ஊரெங்கும் பரவிய நோய்க்கு ஒரு வீட்டின் கதவிலக்கத்தை மட்டும் சொல்லிப் பயனென்ன? பிரசங்கியார் கடாரத்தில் தொடங்கினார். கடாரத்தோடு நில்லாமல் மீண்டும் கப்பலேறி வியட்நாமுக்கே போய்விட்டார். சம்பா தேசத்தை ஆண்டவன் தமிழன் என்றார். அங்குள்ள சிவாலயங்கள் தமிழன் கைவண்ணம் என்றார். வியட்நாமியர் இன்று நாகரிகம் என்று சொல்லிக்கொள்வதெல்லாம் நம் முன்னோர் இட்ட பிச்சை என்று முழங்கினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்தபின் பக்கத்துத் தெருக் கடையொன்றில் ஐவர் தேநீர் அருந்த உட்கார்ந்தோம். கோப்பைகளை எடுக்க வந்தவள் வியட்நாம் தேசத்துப் பெண். எங்களுள் எல்லோரினும் பலமாகக் கைதட்டியவர், வியட்நாம் பெண்களைப் பற்றி இந்நகரில் வழங்கும் நாக்கூசும் சொல்லொன்றை, அவள் காதில் விழவே, மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார். அவளுக்கு மலாய் தெரியும் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். ஒருவரும் அவரைக் கண்டிக்கவில்லை. நானும் கண்டிக்கவில்லை. பெண் விடுதலை பேசும் பத்திரிகைகளைத் தவறாது படிப்போர் மூவர் அம்மேசையில் இருந்தோம்! இக்கட்டுரை அந்த மௌனத்திற்காக நான் கட்டும் அபராதமென்று வாசகர்கள் கொள்ளலாம்.

மேடையில் பேசியது பெருமை, மேசையில் பேசியது இழிவு, இரண்டும் வேறு வேறு என்று அன்பர்கள் நினைத்தல் வேண்டா. இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு கிளைகள். "அவர்கள் நமக்குக் கீழ்ப்பட்டவர்கள்" என்பதே அவ்வெண்ணம். அதனை முற்காலத்தின் மேல் ஏற்றிச் சொன்னால் சரித்திரமாகிறது. தற்காலத்தின் மேல் ஏற்றிச் சொன்னால் வசைமொழியாகிறது. இதுவே நான் சொல்ல வந்த வழக்கு. இனி அதனை நிரூபிப்போம்.

கல்லும் கப்பலும்

சம்பாவைப் பற்றிய பேச்சு முழுவதும் பொய்யன்று. வியட்நாமின் நடுப்பகுதிக் கடற்கரையில் சம்பா அரசுகள் பல நூற்றாண்டுகள் விளங்கின. மி சோனில் அவ்வரசர்கள் எடுப்பித்த செங்கற்கோயில்களில் சிவன் வழிபடப்பட்டதும், 1969-இல் அமெரிக்கர் வீசிய குண்டுகளால் அவற்றுட் சில இடிந்ததும், எஞ்சியவை 1999-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டதும் உண்மை. நா திராங் நகருக்கு அருகே கிடைத்த வோ கான் கல்வெட்டில் ஸ்ரீமாரன் என்றொரு பெயர் வருவதும் உண்மை. அப்பெயரைக் கண்டதும் நம்மவர் அவனைப் பாண்டியன் மாறனாக்கி முடிசூட்டிவிட்டார்கள். ஒரு பெயரின் ஒலி ஒத்திருப்பது ஒரு சாம்ராஜ்யத்துக்குச் சாசனமாகுமா?

அந்தக் கல்வெட்டு எம்மொழியில் உள்ளது? தமிழிலன்று, சமஸ்கிருதத்தில். கோயிலில் தமிழ் வேண்டும், திருமணத்தில் தமிழ் வேண்டும், வடமொழி மந்திரம் வேண்டாம் என்று இங்கே ஓயாமல் எழுதுகிறோம், பேசுகிறோம். அதே நாம் கடல் தாண்டியவுடன் வடமொழிக் கல்லொன்றைக் கட்டியணைத்து, 'இதோ தமிழனின் பட்டயம்' என்று கூத்தாடுவது எந்த நியாயம்? உள்ளூரில் ஆகாத சரக்கு அயலூரில் அமிர்தமாகிவிடுமோ?

அக்கோயில்களைக் கட்டிய சாம் மக்கள் பேசிய மொழி மலாய் மொழிக்கு உறவான மொழி. அவர்கள் மொழியிலேயே பொறிக்கப்பட்ட டோங் யென் சாவ் கல்வெட்டு, அம்மொழிக் குடும்பத்தில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். ஆகவே சம்பாவின் பெருமையில் உறவுமுறை சொல்லிப் பங்கு கேட்பதாயின், நமக்கு முன்னே நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கேட்கலாம்.

அன்றியும், சாம் மக்கள் வேறு, வியட் மக்கள் வேறு. வடக்கேயிருந்து தெற்கு நோக்கி வந்த வியட் அரசர்களே சம்பாவை ஒழித்தார்கள். 1471-இல் லே தான் தோங் என்னும் அரசன் விஜய நகரத்தைப் பிடித்தான். எஞ்சியிருந்த பாண்டுரங்கப் பகுதியை 1832-இல் மின் மாங் என்னும் பேரரசன் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டான். வென்றவரின் வழிவந்தோரிடம் போய், தோற்றவரின் கோயிலைக் காட்டி, 'உங்கள் நாகரிகம் எங்களது' என்பதைக் கேட்டால் அவர்கள் சிரிப்பார்களா, சினப்பார்களா? தோற்றவரின் சந்ததியார் இன்றும் பான் ராங் பக்கத்தில் சிறுபான்மையினராக வாழ்ந்து, பழங்கோயில்களில் விழா எடுக்கிறார்கள். அவர்கள் மொழி என்னவாயிற்று, நிலம் என்னவாயிற்று என்பதைப் பற்றி நம் பிரசங்கியார் ஒரு வார்த்தை சொன்னாரில்லை. அவருக்குக் கல் வேண்டும். கல்லைக் கும்பிடுகிறவன் வேண்டாம்.

இப்பெருமை தமிழனுக்கு மட்டும் பிடித்த வியாதியன்று. கல்கத்தாவில் 1926-இல் பேரிந்தியச் சங்கம் என்று ஒன்று அமைத்தார்கள். மறு ஆண்டு சரித்திராசிரியர் ஆர். சி. மஜும்தார் சம்பாவைப் பற்றித் தனி நூல் வெளியிட்டு, அத்தேசத்தைப் பண்டைய இந்தியக் குடியேற்ற நாடுகளின் வரிசையில் வைத்தார். வெள்ளையனுக்கு அடிமைப்பட்டிருந்த ஜனங்கள், 'நாங்களும் ஒரு காலத்தில் எஜமானர்களாயிருந்தோம்' என்று ஆறுதல் தேடிய காலம் அது. அன்றைய நிலையில் அந்த ஆறுதலை நாம் மன்னிக்கலாம். ஆங்கில ஏகாதிபத்தியம் இந்நாட்டை விட்டுப்போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னும், சொந்த ஏகாதிபத்தியமொன்றைக் கற்பனையில் வைத்துக்கொண்டு மீசை முறுக்குவதை மன்னிப்பது எங்ஙனம்?

'தாழ்ந்து கிடக்கும் தமிழனுக்கு ஊக்கம் வேண்டாமா? பழம்பெருமை பேசினால் என்ன முழுகிப்போகும்?' என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே, நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தலைநிமிர்ந்து நடக்க ஏதேனும் ஒன்று வேண்டும் என்பதை நானும் உணர்கிறேன். ஆனால் ஒருவன் தலைநிமிர மற்றொருவன் தலைகுனிய வேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. அதன் பெயர் ஜாதி. அதை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் அதையே கப்பலேற்றி அந்நிய தேசத்துக்கு அனுப்புவது எந்தச் சீர்திருத்தத்தில் சேர்ந்தது?

மேடையில் பேசப்படாத தமிழர்

நிற்க. வியட்நாமில் தமிழன் உண்மையாகவே வாழ்ந்த காலம் ஒன்றுண்டு. அது கல்வெட்டுக் காலமன்று. நம் பாட்டன்மார் காலம். அதைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் பேச்சில்லை.

பிரெஞ்சுக்காரர் 1859-இல் சைகோனைப் பிடித்தனர். சில ஆண்டுகளில் தென் வியட்நாம் அவர்களுடைய குடியேற்ற நாடாயிற்று. புதுச்சேரி, காரைக்கால் தமிழருள், 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி தம் பரம்பரைச் சட்டவழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் பலர் சைகோனுக்குக் கப்பலேறினர். குமாஸ்தாவாகவும், போலீஸ்காரராகவும், வரி வசூலிப்போராகவும் அமர்ந்தனர். அவர்கள் அங்கே நாகரிகம் பரப்பப் போகவில்லை, சம்பளத்துக்குப் போனார்கள். வியட்நாமியக் குடியானவன் கண்ட தமிழன் வாளேந்திய சோழனல்லன். வரிப்புத்தகம் ஏந்திய குமாஸ்தா. தோட்டத்து ஆபீஸில் பேனா பிடிக்கும் கிராணியாகிய எனக்கு அந்தக் குமாஸ்தாவின் முகம் நன்றாகத் தெரிகிறது. காலையில் கண்ணாடி பார்க்கும்போது தெரிகிறது.

அவரையன்றி நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் அங்கே இருந்தார்கள். மேகோங் ஆற்றுக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைத்தவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். பிரெஞ்சு வங்கிகள் ஏறிட்டும் பாராத சிறு விவசாயிகளுக்கும் அவர்கள் பணம் எட்டியது என்பதை மறைத்தல் ஆகாது. ஆனால் 1930-க்குப் பின் நெல் விலை சரிந்தபோது கடன் கழுத்தை நெரித்தது. அடகு வைத்த நிலங்கள் கைமாறின. செட்டி என்னும் சொல் அந்நாட்டு மொழியில் வட்டிக்காரனுக்குப் பெயராயிற்று. ஸ்ரீமாரனைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் செய்தாலும் அந்தச் சொல் அவர்கள் நினைவிலிருந்து அழியாது.

இன்னொன்றும் கேளுங்கள். ஹோ சி மின் ஹனோயில் சுதந்திரப் பிரகடனம் வாசித்தது 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள். அதே மாதத்தில் ஆங்கிலேயர் இருபதாவது இந்தியப் படைப்பிரிவைச் சைகோனில் இறக்கினர். ஜப்பானியரிடமிருந்து ஆயுதம் வாங்கவென்று வந்த அப்படை, பிரெஞ்சுக்காரர் மீண்டும் ஆட்சியில் ஏற வழிசெய்தது. நம் கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள மோரிப் கடற்கரையில் இந்தியச் சிப்பாய்கள் வந்திறங்கியதும் அதே செப்டம்பரில்தான். இங்கே அவர்களை விடுவிக்க வந்தவர்களென்று பலர் வரவேற்றனர். அங்கே அவர்கள் விலங்கைத் திரும்பக் கொண்டுவந்தவர்களாகக் காணப்பட்டனர். இந்தியப் படையை இக்காரியத்துக்குப் பயன்படுத்தியதை நேரு அன்றே வெளிப்படையாகக் கண்டித்தார். அவருக்கிருந்த வெட்கத்தில் பாதியாவது நம் பிரசங்கிகளுக்கு இருத்தல் வேண்டும்.

சைகோனில் இன்றும் மாரியம்மன் கோயில் ஒன்றுண்டு. இப்போது அங்கே விளக்கேற்றுவோரில் மிகப் பலர் வியட்நாமியரும் சீனருமே. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் போய்விட்டன. அம்மனை அவ்வூரார் ஏற்றுக்கொண்டார்கள். இதையும் நம்மவர் 'நம் பண்பாட்டின் வெற்றி' என்பர். வெற்றி நம்முடையதன்று, பெருந்தன்மை அவர்களுடையது.

வெளியார் கண்கள்

வியட்நாமைப் பார்த்துத் தவறாக எழுதியவர்கள் நாம் மட்டுமல்லோம். ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாதலின், அத்தேசத்தைப் பற்றி நான் முதலில் அறிந்ததெல்லாம் ஆங்கில நூல்களின் வழியே. ஆளுக்கொரு வியட்நாமைக் காட்டினார்கள். பிரெஞ்சு அதிகாரிகள் அதனைத் தாங்கள் நாகரிகம் கற்பித்த குழந்தையாகக் கண்டனர்; அந்தக் குழந்தைக்கு அபினியும் சாராயமும் உப்பும் விற்கும் ஏகபோக உரிமையைக் கவர்னர் ஜெனரல் பால் டூமர் 1897-க்குப் பின் சர்க்கார் கஜானாவுக்கு எழுதிவைத்ததை அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அமெரிக்கர் அதனைச் சரிந்துகொண்டிருக்கும் சதுரங்கக் காயாகக் கண்டனர். இடதுசாரிகள் அதனை வீரத்தின் சிலையாகக் கண்டனர்.

ஜெனிவாவில் 1954-இல் உடன்படிக்கையானபின், அதனை மேற்பார்க்க இந்தியா தலைமையில், கனடா, போலந்து ஆகியவற்றோடு ஒரு கமிஷன் அமைந்தது. மூன்று தேசத்தாரும் ஒரே நாட்டில் தங்கினர். ஒரே புகார்களை விசாரித்தனர். 1962-இல் அவர்கள் அனுப்பிய அறிக்கையில் இந்தியாவும் கனடாவும் ஒருபுறம், போலந்து மறுபுறம். 1965-இல் இந்தியாவும் போலந்தும் ஒருபுறம், கனடா தனிக் குறிப்பு. கண்ட காட்சி ஒன்று. எழுதியது ஒவ்வொருவர் தலைநகரின் மனத்துக்கு ஏற்றபடி. நடுநிலை பார்க்கவென்றே நியமிக்கப்பட்டவர்கள் கதி இதுவாயின், பத்திரிகைத் துணுக்கைப் படித்துவிட்டு தேநீர்க் கடையில் தீர்ப்புச் சொல்லும் நம் கதி என்ன?

இதில் நம் மலாயாவுக்கும் ஒரு பங்குண்டு. அவசரகாலத்தில், 1950 முதற்கொண்டு, காட்டோரத்துச் சீனக் குடியானவர்களைப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றுகூட்டி முள்வேலிக்குள் வைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் அனுபவம் பெற்ற ராபர்ட் தாம்சன் என்னும் ஆங்கில அதிகாரி 1961-இல் யோசனை சொல்லச் சைகோனுக்குப் போனார். மறு ஆண்டே அங்கும் வேலியிட்ட கிராமங்கள் எழுந்தன. டியெம் சர்க்கார் தன் போக்கில், அவசர அவசரமாக அவற்றை எழுப்பிற்று. இங்கே பெயர்க்கப்பட்டோர் பலர் பட்டாவின்றிக் காட்டோரம் குடியேறியிருந்தவர்கள். அங்கே பெயர்க்கப்பட்டவர்களுக்கு மூதாதையர் கல்லறைகள் வயலின் நடுவே இருந்தன. டியெம் 1963 நவம்பரில் கொல்லப்பட்டபின் வேலிகளும் சரிந்தன. ஒரு நாட்டைக் கண்ட கண்ணை அப்படியே மற்றொரு நாட்டுக்குக் கொண்டுபோனால் விளைவது இதுவே.

கிரகாம் கிரீன் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1950-இன் கடைசியில் மலாயாவுக்கு வந்து அவசரகாலத்தைப் பார்த்தார். இங்கிருந்து வியட்நாமுக்குப் போனார். பின்னர் 1955-இல் அவர் வெளியிட்ட 'அமைதியான அமெரிக்கன்' உலகெங்கும் புகழ்பெற்றது. அதில் ஓர் ஆங்கிலேயனும் ஓர் அமெரிக்கனும் ஒரு வியட்நாம் பெண்ணுக்காகப் போட்டியிடுகிறார்கள். அமெரிக்கனின் மூடத்தனத்தை ஆசிரியர் நன்றாகவே உரித்துக் காட்டுகிறார். ஆனால் அப்பெண் மனத்தில் என்ன நினைத்தாள் என்பதைக் கதை சொல்லும் ஆங்கிலேயன் கடைசிவரை அறிகிறானில்லை. நல்ல நூல்தான்; எனினும் அந்தப் பெண்ணின் மௌனத்தைப் படித்தபோது எனக்குப் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடை நினைவுக்கு வந்தது.

நம்மைக் கண்ட கண்கள்

இந்த வேதனை நமக்குப் புதிதா? கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் தோட்டத் துரையாயிருந்த ஆன்ரி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய 'மலேசி' என்னும் நாவலுக்கு 1930-இல் பாரிஸில் கொங்கூர் பரிசு கொடுத்தார்கள். நம்மவர் அதில் துரையின் பங்களாத் தாழ்வாரத்திலிருந்து தெரிகிற அளவுக்கே தெரிகிறார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், தென் வியட்நாமில் மிஷெலின் கம்பெனியின் பூ ரியெங் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரே மரம், ஒரே பால், ஒரே பிரம்படி. நமக்கும் வியட்நாமியருக்கும் உறவு தேடுவோர் சம்பாவரை போக வேண்டியதில்லை. பால்மரத்தடியிலேயே அது இருக்கிறது.

சீனிவாச சாஸ்திரியார் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய சர்க்காரின் சார்பில் இங்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். கூலியை 1928-ஆம் ஆண்டு நிலைக்கு உயர்த்த வேண்டுமென்றார். ஆனால் பொதுவில் நிலைமை திருப்திகரமென்றும், தொழிலாளர் வருகையைத் தடுக்கக் காரணமில்லையென்றும் எழுதினார். இங்குள்ள இந்தியர் சங்கங்கள் கொதித்தன. 1938-இல் இந்திய சர்க்கார் அந்த வருகையைத் தடுத்தே விட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, அதிகாரிகள் அதனை வெளியார் தூண்டிவிட்ட கலகமென்றனர். தொழிலாளர் கேட்டவை என்ன? கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியதில்லை என்னும் உரிமை. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். தலைவர் நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்தக் கடைசிக் கோரிக்கையை நான் மறக்க இயலாது. சாஸ்திரியாரையும் துரையையும் குறைகூறும் நாம், அதே லயத்துக்கு எதிரே இருந்த கிராணியும் ஒரு வெளியான்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிட்டு செக்ரோல் புத்தகத்தில் குறி போடுகிறவனுக்கு ஆள் தெரிகிறான், மனிதன் தெரிகிறானில்லை. நம்மைப் பிறர் தாழ்வாரத்திலிருந்து பார்த்தபோது வெகுண்ட நாம், இன்று நம் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு வியட்நாமியரைப் பார்க்கிறோம்.

அவர்களுக்குள் நடந்த வழக்கு

அங்ஙனமாயின் வெளியான் ஒரு தேசத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாதா என்று கேட்கலாம். திறக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: அத்தேசத்தார் தமக்குள் எதற்காக வாதாடினார்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தின் வழக்கை அறியாதவன் குடும்பத்தை அறியான், தேசமும் அவ்வாறே.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாமில் பான் என்னும் குடிப்பெயருடைய இரு தலைவர்கள் இருந்தார்கள். பான் போய் சாவ் என்பவர் முதலில் பிரெஞ்சுக்காரனை ஓட்ட வேண்டும், அதற்கு ஜப்பானின் துணை கொள்ள வேண்டும் என்றார். 1905 முதல் இளைஞர்களை அங்கே அனுப்பினார். பான் சாவ் திரின் என்பவர் மறுத்தார். மக்களின் அறிவும் ஊக்கமும் வாழ்வும் முதலில் உயர வேண்டும். அரசனையும் பழைய பரீட்சைப் படிப்பையும் வைத்துக்கொண்டு பெறும் விடுதலை விடுதலையாகாது என்றார். 1907-இல் ஹனோயில் இலவசப் பள்ளியொன்று எழுந்தது. புதுப்படிப்பும் குடுமி களைதலும் அக்காலத்துச் சீர்திருத்தக்காரரின் கொடிகளாயின. சர்க்கார் சில மாதங்களில் பள்ளியை மூடிவிட்டது. 1908-இல் வரி எதிர்ப்புக் கிளர்ச்சி எழுந்ததும் திரினைப் பிடித்துத் தீவுச் சிறைக்கு அனுப்பியது. அவர் 1926-இல் சைகோனில் இறந்தபோது பல்லாயிரவர் ஊர்வலத்தில் நடந்தனர்.

வாசகர்களே! 'முதலில் சமுதாயச் சீர்திருத்தமா, முதலில் சுயராஜ்யமா' என்னும் இந்த வழக்கை வேறெங்கும் கேட்டதில்லையா? பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறி, சுயமரியாதை இயக்கம் பிறந்தது 1925-இல். திரின் மறைந்தது அடுத்த ஆண்டில். பெரியார் மலாயாவுக்கு வந்து பேசியது 1929-ஆம் ஆண்டின் முடிவில். ஹனோயில் 1932 முதல் 'போங் ஹோவா' என்னும் வாரப்பத்திரிகையை நியத் லின் என்பவர் நடத்தினார். அது கேலிச்சித்திரத்தாலும் கட்டுரையாலும் பழைய குடும்பக் கொடுமைகளைச் சாடியது. மாமியார் வீட்டில் நசுங்கும் படித்த பெண்ணைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1935-இல் வந்தது. அவர்கள் தம் குழுவுக்கு இட்ட பெயர் தன்வலிமை இலக்கியக் குழு என்னும் பொருளுடையது. தன்வலிமையும் தன்மதிப்பும் ஒரே காலத்தில் இரண்டு கடற்கரைகளில் பேசப்பட்டன. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திலர். நம் உண்மையான உறவினர் இவர்கள். இவர்களில் ஒருவர் பெயரேனும் நம் மேடைகளில் கேட்டதுண்டா?

அரசியலைப் பற்றியும் ஒரு சொல். நம்மில் ஒரு சாரார்க்கு ஹோ சி மின்னின் படம் போதும். வேறு கேள்வி இல்லை. மற்றொரு சாரார்க்குக் கம்யூனிஸ்டு என்ற சொல் போதும். அவர்க்கும் கேள்வி இல்லை. பிரெஞ்சுப் படையை டியென் பியென் பூவில் 1954-இல் தோற்கடித்தது உண்மை. அதே காலத்தில் வடக்கே நடந்த நிலச்சீர்திருத்தத்தில் குற்றமற்றோர் பலர் மாண்டதும், 1956-இல் கட்சியே தன் தவற்றை ஒப்புக்கொண்டதும் உண்மை. அவ்வாண்டில் சுதந்திரமாக எழுதத் துணிந்த ஹனோய் எழுத்தாளர்களின் பத்திரிகை மூடப்பட்டதும், அவர்கள் ஒடுக்கப்பட்டதும் உண்மை. தெற்கே டியெம் ஆட்சியை எதிர்த்து 1963-இல் உயிரைத் துறந்தவர், முன்சொன்ன நியத் லினே. 1986-க்குப் பின் சந்தை திறந்ததும், வறுமை குறைந்ததும், ஆட்சி ஒரு கட்சியின் கையிலேயே இருப்பதும் உண்மை. இவ்வளவையும் ஒருங்கே பிடிக்கக் கை பெரிதாக வேண்டும். பாதியை மட்டும் பிடிப்பவன் வியட்நாமைப் பேசவில்லை. தன் கட்சியைப் பேசுகிறான்.

நம் பள்ளத்தாக்கில் அவர்கள்

சைகோன் 1975-இல் விழுந்தபின் படகேறி வந்தவர்களில் 2,50,000 பேரளவில் மலேசியக் கரையைத் தொட்டனர். பீடோங் தீவில் 1979-இல் ஒரு சதுர மைலுக்கும் குறைந்த இடத்தில் ஏறக்குறைய 40,000 பேர் அடைந்து கிடந்தனர். சில படகுகள் கரையணைய விடாமல் கடலுக்கே இழுத்து விடப்பட்டன. கோலாலம்பூரின் சுங்கை பீசி முகாம் 1996-இல் மூடப்படும் வரையில் அவர்கள் நம்மிடமிருந்து பஸ் பயணத் தூரத்தில் இருந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1969-ஐ ஒட்டி, குடியுரிமையில்லாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலை அனுமதியின்றிக் கப்பலேற நேர்ந்ததை நாம் மறந்தோமா? காகிதமில்லாதவன் படும்பாடு நமக்குத் தெரியும். தெரிந்தும், முள்வேலிக்கு அப்பால் இருந்தவர் யாரென்று கேட்டோமில்லை.

2000-க்குப் பின் வந்தவர்கள் தொழிற்சாலைகளுக்குக் கூலிக்கு வந்தார்கள். நம் பாட்டன் வந்ததும் கூலிக்குத்தான். அவர்களில் பெண்கள் சிலர் இரவுத் தொழிலில் சிக்கியிருக்கலாம். அதற்குக் காரணம் கடனும், தரகனும், அந்தக் கடைக்குப் போகும் ஆண்களும். அவ்வாண்களில் தமிழரில்லை என்று எவரேனும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வாரா? வியட்நாமியர் தம் தலைசிறந்த காவியமாகக் கொண்டாடும் நுயென் டுவின் 'கியேவ்', தகப்பனையும் தம்பியையும் மீட்கத் தன்னைத்தான் விற்று அல்லற்பட்ட ஒரு பெண்ணின் கதை, 3,254 அடிகள். கதை சீனத்திலிருந்து வந்தது. கவி அதனைத் தம் மக்கள் நாவில் வாழும் பாட்டாக்கினார். 1924-இல் அக்காவியத்தைப் பற்றி அவர்களுக்குள் கடும் சண்டை நடந்தது. 'இத்தகைய பெண்ணையா தேசத்தின் முகமாக்குவது' என்று கற்றோர் சிலர் சீறினர். எனினும் அம்மக்கள் அவளைக் கைவிடவில்லை. விலைபோன பெண்ணின் துயரைத் தம் இலக்கியத்தின் நடுவீட்டில் வைத்து வணங்கும் ஒரு சமுதாயத்தின் மகளைப் பார்த்து, கண்ணகியின் பெயரை மூச்சுக்கு மூச்சு சொல்லும் நாம் பேசிய சொல் அது!

ஆகவே நான் வேண்டுவன மூன்று. மேடைகளில் வியட்நாமைப் பற்றிப் பேசுவோர், கல்வெட்டைச் சொல்லும் அதே மூச்சில் வரிப்புத்தகத்தையும் வட்டிக்கணக்கையும் சொல்லுங்கள். நம் பத்திரிகைகள் பான் சாவ் திரினையும் நியத் லினையும் நுயென் டுவையும் தமிழில் கொண்டுவரட்டும்; ஆங்கிலம் கற்ற கிராணிகள் நாட்டில் அநேகர் இருக்கிறோம், இரவல் பெருமை பேசும் நேரத்தில் பாதியைக் கொடுத்தால் போதும். மூன்றாவது எல்லாவற்றிலும் எளியது. ஆயினும் அன்று ஐவரில் ஒருவராலும் செய்ய முடியாதது. இனி நம் மேசையில் அந்தச் சொல் எழும்போது, 'நிறுத்தும்' என்று சொல்ல ஒருவர் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு நான் அந்தக் கடைக்கு மீண்டும் போனேன். அவள் அங்கே இல்லை, வேறிடம் போய்விட்டாளென்றார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் பெயரைக் கேட்டேன், அதுவும் தெரியவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமையில் அவள் தேசத்தரசன் பெயரைத் தேடிப் பிடித்த நமக்கு, எதிரே நின்று கோப்பை எடுத்தவள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.